வேலாயுதர் விதைத்த வயல்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு, “பிறகு சொல்லுறன், குக்கர் விசிலடிக்குது” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. அன்றைக்கு அம்மா பாணும் சம்பலும்தான் வைத்திருந்தாள். நீ கேட்டதும் ஒன்றும் பெரிய கேள்வியல்ல. உன் கலியாண மண்டப வாசலில் வைக்கப்போகிற குடும்ப மரத்தில் வேலாயுதரின் பெயருக்குக் கீழே என்ன எழுதுவது, கமக்காரர் என்றா, சாமி வந்து கலையாடியவர் என்றா, இரண்டையும் சேர்த்தா என்று கேட்டாய். ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய பதில். அது இத்தனை பக்கமாக வளர்ந்ததற்குக் காரணம் எனக்குள் இருக்கிற பயம். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும் என்று தெரியும். ஆறுதலாக வாசி, ஆனால் வீட்டில் இருந்து வாசி. வேலை முடிந்து கிளென் வேவர்லி ரயிலில் வரும்போது தொடங்காதே. கடைசி ஸ்டேஷன் என்பதால் இறங்க மறக்கமாட்டாய், ஆனாலும் வேண்டாம்.

இந்தப் பரம்பரைப் பைத்தியம் உனக்கு, நீ கட்டப்போகிற அனிற்றாவின் வீட்டில்தான் பிடித்தது. அவளுடைய தகப்பன் மன்னாரில் தங்கள் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற பாட்டன், பூட்டன்மாரின் பெயர்களை மூச்சுவிடாமல் சொன்னார். நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். எனக்கு என் அப்பப்பாவுக்கு மேலே ஒரேயொரு பெயர்தான் தெரியும். அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு நீ ஏறத் தொடங்கினாய். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து நான் தமிழில் கேட்க இங்கிலிஷில் பதில் சொன்ன பிள்ளை, ஞாயிறு தவறாமல் போன் எடுத்து, “அப்பா, தென்மராட்சி எண்டா எந்தப் பக்கம்? அங்க என்ன பயிர் செய்தவை?” என்று கேட்டால் எந்தத் தகப்பனுக்குத்தான் தலைகால் தெரியும்? யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெற்குப் பக்கம் என்றும், கடல்நீரேரி ஓரத்து நெல் வயல்கள் என்றும், மழையை நம்பி விதைக்கிற மண் என்றும் சொன்னேன். நான் அந்த மண்ணில் ஒரு போகம்கூட விதைத்ததில்லை. ஆனாலும் விதைத்தவன்போலக் கதைத்தேன்.

வேலாயுதர் எனக்குப் பூட்டன். என் அப்பப்பாவைப் பெற்றவர். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், போன நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில், வரம்பு கட்டி மாடு பூட்டி உழுத கமக்கார மனுசன். நடுவயது வந்தபோது ஊர் வைரவர் கோயில் பொங்கலில் உடுக்கு அடிக்க அடிக்க அவருக்குக் கலை வந்தது. தோள் துள்ளியது, விரல்கள் தம்பாட்டில் முறுகின, கால் தரையில் பாவாமல் நடந்தார். பிறகு பிறகு உடுக்கும் தேவைப்படவில்லை. சாப்பிடும்போதும் வந்தது, வயலிலும் வந்தது. வைரவருக்கு அவரை விட்டுப்போக மனமில்லை என்று ஊர் சொன்னது. காணாமல் போன மாட்டுக்கும் பிறக்காத பிள்ளைக்கும் அவரிடம் வந்து, குறி கேட்பதுபோல, கட்டுக் கேட்டார்கள். பொங்கலில் முதல் பானை எங்கள் வீட்டுப் பானை என்று ஆனது அப்போதுதான். அவர் விதைத்த வயலின் கதையையும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். இடுப்பில் பனையோலைக் கடகத்தை வைத்து, கையை ஒரே சீராக வீசி விதைத்தால்தான் நெல் ஒரே சீராக முளைக்கும். அவருடைய வயலோ ஓரிடத்தில் பாய் விரித்ததுபோல அடர்த்தியாகவும், பக்கத்திலேயே வெறும் மண்ணாகவும் கிடந்ததாம். அது வைரவர் விதைத்த வயல் என்று சொல்லி, ஊரார் அதில் விளைந்த நெல்லில் ஒரு பிடி வாங்கித் தங்கள் விதைநெல்லோடு கலந்தார்களாம். நீ, “அப்பா, திஸ் இஸ் கோல்ட்!” என்று கத்தினாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பப்பாவை நான் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். சாய்மனைக் கதிரையில் கிடப்பார், இரண்டு கால்களும் எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும். தேத்தண்ணியை யாராவது வாயில் பருக்க வேண்டும். பேச்சு விளங்காது. பொங்கலன்று எங்களை வரிசையாக நிறுத்தி அந்தக் கால்களைத் தொட்டுக் கும்பிட வைப்பார்கள். கலை இறங்கிய கால். என் தகப்பனாருக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. அவர் நாற்பதைக் காணுமுன்பே பாம்பு கடித்துப் போய்விட்டார். இருந்திருந்தால் வந்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் இப்போது ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி வருகிறது.

போன வருசம் இங்கே சிட்னியில் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். தவில் உச்சத்துக்கு ஏறியபோது என் இடது தோள் இரண்டு மூன்று தரம் துள்ளியது. நான் துள்ள வைக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண், “அங்கிளுக்குக் கலை வந்திட்டுது” என்றாள். நாலைந்து பேர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். தம்பி, நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாமசியில் மருந்துப் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்ற ஒரு கிழவனைத் தேடி வைரவர் கடல் கடந்து வந்துவிட்டார் என்று நினைத்தேன். காரில் வரும்போது அம்மாவிடம், “பாத்தியே, எங்கட பரம்பரை” என்றேன். வீட்டில் டிவி பார்க்கும்போதும் அந்தத் தோள் துள்ளுவதை அவள் அதற்கு முன்பே கண்டிருக்கிறாள்.

பிறகு ஒருநாள் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது பக்கத்து வீட்டுத் தபால்பெட்டியைச் சாய்த்துவிட்டேன். இன்னொரு நாள் தேத்தண்ணிக் கோப்பையோடு சேர்த்துத் தட்டையும் போட்டு உடைத்தேன். அம்மா பிடித்த பிடியில் பிளாக்டவுன் டொக்டரிடம் போனேன். அவர் பெரியாஸ்பத்திரி நரம்பு டொக்டரிடம் அனுப்பினார். கோட்டில் நடக்கச் சொன்னார்கள், நாக்கை நீட்டி வைத்திருக்கச் சொன்னார்கள். நாக்கு வெளியே நிற்கமாட்டேன் என்று உள்ளே ஓடியது. சிரித்தேன். அந்த டொக்டர் சிரிக்கவில்லை. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கை கால் தம்பாட்டில் ஆடுகிற நோய் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய்யல்ல தம்பி. நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன், பொய்யல்ல. எங்கள் வீட்டில் அது ஒருநாளும் நோயாக இருந்ததில்லை. சாமியாகத்தான் இருந்தது. நோயைப் பற்றிக் கேட்கிற டொக்டரிடம் சாமியைப் பற்றி யார் சொல்வார்கள்?

அதற்குப் பிறகுதான் நீ லோங் வீக்கெண்டுக்குப் பிளைட் எடுத்து இங்கே வந்தாய். ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிற பரமேஸ் அக்காவிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் மிச்சமிருக்கிற பழைய தலைகளில் அவ ஒருத்திதான் சிட்னியில். நீ போனை மேசையில் வைத்துப் பதிவு செய்தாய். வேலாயுதரைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லுங்கோ அன்ரி என்றாய். நான் முந்திக்கொண்டு வைரவர் விதைத்த வயலைச் சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

“வைரவரோ? அது ஒரு வருசம், ரெண்டு வருசம். பிறகு அந்த வயல் திறமாய்த்தான் விளைஞ்சது. ஆர் விதைச்சது தெரியுமே? கொப்பற்றை அப்பம்மா, வேலாயுதற்றை பெண்சாதி வள்ளிப்பிள்ளை. விதைப்பு நாளிலை மனுசனை வெத்திலைத் தட்டோடை கோயிலுக்கு அனுப்பிப்போட்டு, தான் கடகத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள்ளை இறங்கியிடுவாவாம். எங்கட பக்கத்திலை பொம்பிளையள் விதைக்கிறேல்லை, தெரியுமோ? ஊர் முழுக்கச் சிரிச்சதெண்டு எங்கட அம்மா சொல்லுறவ.”

“வாவ். ஏன் அன்ரி அவ அப்பிடிச் செய்தவ?” என்று கேட்டாய்.

“மனுசன்ரை கை நிக்காதெல்லே. கிணத்தடிக்குத் தனிய விடமாட்டாவாம். சோத்தைக் குழையக் குழைய அரைச்சுத்தான் குடுப்பாவாம், விக்கிப்போடுமெண்டு. ஒருக்கா பொங்கலிலை எல்லாரும் அந்தாளைச் சுத்திக் கும்பிட்டுக்கொண்டு நிக்க, இவ நடுவிலை வந்து நிண்டு, ‘இது சாமியில்லை, நோய் வருத்தம், அவரை விடுங்கோ’ எண்டு கத்தினவவாம். சும்மா விடுவினமே? வைரவரைப் பழிச்சதெண்டு, கோயிலைச் சுத்தி அடியழிக்க வைச்சவை.”

அடியழிப்பது என்றால் ஒவ்வோர் அடிக்கும் நிலத்தில் விழுந்து கும்பிட்டு வீதியைச் சுற்றி வருவது என்று உனக்கு நான்தான் விளங்கப்படுத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது. நீ அதை எழுதிக்கொண்டாய். போகும்போது அக்கா உன் தலையைத் தடவி, தன் தாய் சொன்னதை வைத்துப் பார்த்தால் உனக்கு அப்படியே வேலாயுதரின் நெற்றி என்று சொன்னா. அவ அன்பாகத்தான் சொன்னா. எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது.

திரும்பும்போது ரயிலில் நீ எனக்கு எதிரே இருந்தாய். அன்றைக்கு உனக்கு நல்ல சந்தோசம். கமக்காரர், கலையாடி, அவருக்காக வயலில் இறங்கிய பெண்சாதி, இதைவிட நல்ல கதை அனிற்றாவின் வீட்டில் யாரிடம் இருக்கும் என்றாய். நான் உன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடிக்கொண்டிருந்தது. நீ சின்னனிலிருந்தே காலாட்டுகிறவன்தான், சாப்பாட்டு மேசையில் எத்தனை தரம் அதட்டியிருக்கிறேன். உன் வயதுப் பெடியன்கள் எல்லாரும் ஆட்டுகிறார்கள், அந்தப் பெட்டியிலேயே வேறு இரண்டு பேர் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இறங்கும்வரை அந்தக் காலிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. அன்றிலிருந்து நீ வீடியோவில் வரும்போதெல்லாம் நீ சொல்வதை நான் கேட்பதில்லை. உன் தோளையும் விரல்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, உன் சட்டைக்கு என்ன விலை என்று கேட்டு நான் உளறியது அதனால்தான்.

அந்தக் கிழமையே அந்த நரம்பு டொக்டரிடம் திரும்பப் போய், வேலாயுதரையும் அப்பப்பாவையும் வயலையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சாமியைப் பற்றிச் சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு இரத்தம் எடுத்தார்கள். நோயின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இதை வைத்துவிட்டு உடனே தேடத் தொடங்குவாய், அதில் வருகிற படங்களை நீ இன்றைக்குப் பார்க்க வேண்டாம். அது மூளை நரம்பை மெல்ல மெல்லத் தின்கிற நோய். முதலில் கை கால் ஆடும், பிறகு நடை, பேச்சு, விழுங்குவது, குணம், நினைவு எல்லாம் போகும். நிறுத்த மருந்தில்லை. இரத்த வழியில் வருவது. எனக்கு இருந்தால் உனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு இல்லையென்றால் உனக்கு இல்லவே இல்லை, அது என்னோடு நின்றுவிடும். என் வயதில் இதைக் கேட்பவன் தன்னைப் பற்றிப் பயப்பட வேண்டும். நான் எவ்வளவோ முயன்றும் அந்தப் பயம் எனக்கு வரவில்லை. நான் வாழ்ந்தாயிற்று. அந்தப் பாதிக்குப் பாதிதான் என்னை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இதைப்பற்றிப் பேசுவதையே வேலையாகச் செய்கிற ஒரு பெண் இருக்கிறாள். நல்ல பிள்ளை, உன் வயதுதான். உங்கள் மகனுக்குத் தெரிந்துகொள்ளாமல் இருக்கிற உரிமையும் இருக்கிறது, அவரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். கேட்பதற்கே சொல்ல வேண்டியிருக்கிறதே பிள்ளை என்றேன். அவள், ஓம், அதுதான் கஷ்டம் என்பதுபோலத் தலையாட்டினாள். ஆகவே இந்தக் கடிதத்தை எழுதியதாலேயே உன்னிடமிருந்து ஒன்றை எடுத்துவிட்டேன். இதை வாசிக்குமுன் நீ இருந்த நிம்மதி இனி உனக்கு இல்லை. அதற்காக நீ என்னோடு எவ்வளவு கோபித்தாலும் நான் கேட்டுக்கொள்வேன். இதற்கு மேலுள்ளது எல்லாம் உன்னுடைய முடிவு. நீ இரத்தம் கொடுக்க வேண்டுமென்று ஒரு சட்டமும் இல்லை. நாளைக்கும் வேண்டாம், பத்து வருசம் கழித்தும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். அம்மாவையும் கேட்க விடமாட்டேன்.

அம்மாவுக்கு இந்தக் கடிதம் பிடிக்கவில்லை. அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, “கலியாணம் முடியட்டுமப்பா. இப்ப சொன்னா அனிற்றாவின்ரை ஆக்கள் என்ன சொல்லுவினம்? அவை விசாரிக்கேக்கை ஒரு வருத்தமும் இல்லையெண்டுதானே சொன்னனாங்கள்” என்றாள்.

“அப்ப தெரியாமல் சொன்னது. இப்ப தெரியும்” என்றேன்.

“உங்களுக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. ரிசல்ட் வரேல்லை. இல்லையெண்டு வந்தா? பிள்ளையின்ரை வாழ்க்கையை வீணாய்க் குழப்பினதா முடியுமெல்லே?”

அவள் சொல்வதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை. அவளைக் கோபிக்காதே. அவள் பயத்தில் என்னைவிட மெலிந்துபோனாள். என் சோற்றை இப்போதே குழைத்து வைக்கத் தொடங்கிவிட்டாள், நான் காணாதவன்போலச் சாப்பிடுகிறேன்.

ஆனால் எனக்கு வள்ளிப்பிள்ளையைத் தாண்டிப் போக முடியவில்லை, தம்பி. அந்தப் பெண்ணிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலாயுதரின் தகப்பனுக்கோ தாய்க்கோ அது இருந்திருக்க வேண்டும், அந்த வீட்டில் யாருக்காவது ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கோ முளைத்த நெல்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஊரே கும்பிட்டபோது அவள் ஒருத்திதான் அவரை நோயாளியாகப் பார்த்தாள், பார்த்ததைச் சொன்னாள், சொன்னதற்காகப் புழுதியில் விழுந்து விழுந்து எழும்பினாள். பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. போக அவளுக்கு வழியிருக்கவில்லை என்பதும் உண்மை. அதைப் பெரிய அன்பு என்று சொல்லி நாங்கள் மரத்தில் தொங்கவிடக்கூடாது. அவள் தெரிந்துகொண்டு வந்திருந்தால் அது அன்பு. தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டதற்கு வேறு பெயர். எங்கள் வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள், அம்மாவும் அப்படித்தான்.

அனிற்றா அப்படி வரக்கூடாது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, ரிசல்ட் வருமுன்பே, நீ அவளிடம் சொல். வந்தபிறகு சொன்னால், இல்லையென்று வந்ததால் சொல்கிறான், அல்லது வேறு வழியில்லாமல் சொல்கிறான் என்றாகிவிடும். இந்தக் கடிதத்தையே வாசித்துக் காட்டினாலும் சரி. அவளுக்கு உன்னைவிட நன்றாகத் தமிழ் வாசிக்க வரும், அவளே வாசிக்கட்டும். சொல்லும்போது அவளைச் சமாதானப்படுத்த வெளிக்கிடாதே. பயமில்லை, ஒன்றும் வராது, அப்பா சும்மா பயப்படுகிறார் என்று சொல்லாதே. அவள் யோசிக்க நாள் கேட்டால் கொடு. அவளுடைய தகப்பன் என்ன சொல்வார், ஆட்கள் என்ன கதைப்பார்கள் என்பதை என்னிடம் விடு, அந்தக் கதவை நான் போய்த் தட்டுவேன். அவள் போகிறேன் என்றால், அந்த நேரத்தில் உனக்கு நெஞ்சு வெடிக்கும் என்று தெரியும், ஆனாலும் அவளைக் குறைசொல்லி ஒரு வார்த்தை உன் வாயில் வரக்கூடாது. அவள் நிற்கிறேன் என்றால் தெரிந்துகொண்டு நிற்கிறாள். இந்தப் பரம்பரையில் அப்படி நிற்கப்போகிற முதல் ஆள் அவளாக இருப்பாள்.

நீ கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கமக்காரர் என்று மட்டும் எழுது. பக்கத்தில் வள்ளிப்பிள்ளையின் பெயரையும் எழுதி, அவளுக்குக் கீழேயும் அதையே எழுது. கடைசியில் அந்த வயலை விதைத்தது அவள்தானே.

வருகிற வியாழக்கிழமை காலை ரிசல்ட் சொல்ல என்னை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். தனியாக வரவேண்டாம், ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள் அங்கே என்னோடு பேசிய அந்தப் பிள்ளை. அம்மா வரமாட்டாள், அவளால் அந்த அறையில் இருக்க முடியாது. கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன். பிளாக்டவுனிலிருந்து ரயிலில் போய்விடுவேன், பாதை தெரியும். ஆனால் தம்பி, எனக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன். முடிந்தால் புதன்கிழமை பின்னேரம் பிளைட் எடுத்து வா. வந்தால் என்னோடு அந்த வராந்தா வரைக்கும் வா, போதும். உள்ளே நான் மட்டும் போகிறேன். நீ வெளியே கதிரையில் இரு. நான் வெளியே வரும்போது, உனக்குத் தெரிய வேண்டாம் என்றால், என் முகத்தைப் பார்க்காதே. குனிந்துகொண்டே என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அப்பா